தொடர்பு எல்லை

நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்தபோது நல்லவாட்டு மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, தண்ணிக்குள்ள போன் ஏன் அடிக்காது?" வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

முந்தைய வாரம் அவருடைய அண்ணனின் ஃபைபர் படகு முகத்துவாரத்துக்கு அப்பால் கவிழ்ந்திருக்கிறது. படகைப் பற்றியபடி கழுத்தளவு நீரில் மூன்று மணி நேரம் கிடந்தவரை வேறொரு படகினர் மீட்டிருக்கிறார்கள். நீர்புகா உறைக்குள் கைப்பேசி இடுப்பில்தான் இருந்தது, கெடவுமில்லை. ஆனால் அண்ணி அழைத்த போதெல்லாம் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற அதே குரல்.

இயற்பியலோடு என் உறவு பள்ளியிலேயே முறிந்தது. மதிய உணவின்போது இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டேன். எல்லாம் உப்பு செய்யும் வேலை என்றார். கடல்நீரின் உப்பயனிகள் மின்சாரத்தைக் கடத்துபவை. உள்ளே வரும் மின்காந்த அலை அவற்றை அசைத்து அசைத்தே தன் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகிறது. கைப்பேசி அலையின் வலிமை ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. அடுத்த சென்டிமீட்டரில் அதிலும் மூன்றில் ஒன்று. ஒரு சாண் ஆழத்தில் எதுவும் மிஞ்சாது. நன்னீரில் இந்த இழப்பு மிகக் குறைவு.

அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழம் செல்லும். நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் இதற்காகவே இருப்பது. பல கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளை அது அனுப்புகிறது. நீரில் சில மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கி அவற்றைக் கேட்கலாம். அவ்வளவு பெரிய கோபுரங்களைச் சுமக்க முடியாதாகையால் அதே வழியில் மறுமொழி சொல்ல இயலாது. தலைவனின் தூது மட்டும் வந்து சேரும் அகப்பாடல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது (தொழில் புத்தி!).

ஆழமற்ற கரைக்கடலில் இன்னொரு விந்தையும் உண்டாம். நீருக்குள் பிறந்த தாழ்ந்த அதிர்வெண் அலை நேரே செல்ல இயலாதபோது மேலேறிக் காற்று வழியாகவோ, கீழிறங்கிக் கடலடி மணல் வழியாகவோ சுற்றிக்கொண்டு போகும். இரண்டுமே கடல்நீரைவிடக் குறைவாக மின்கடத்துபவை.

2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் இதே நல்லவாட்டு மக்களை ஆழிப்பேரலையிலிருந்து காத்தன. கடல் கடந்து அத்தனை தொலைவு வந்த குரலுக்கு, இங்கே ஒரு சாண் நீர் தடையாகிவிட்டது.

மறுநாள் மாணவரிடம் விளக்கினேன். வெகுநேரம் பேசாதிருந்தார்.

"அப்போ கையைத் தூக்கிப் பிடிச்சிருந்தா போதுமா ஐயா?"

"அலை எட்டும் இடமென்றால், போதும்."

இப்போதெல்லாம் அண்ணி அந்த உறையை இடுப்பில் கட்ட விடுவதில்லையாம். கயிற்றைச் சுருக்கித் தோளோடு சேர்த்துத் தம் கையாலேயே முடிந்து அனுப்புகிறாராம்.