அஞ்சரை மணி நேர துரோகி!

"மச்சான், எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன். நான் ஃபைலை ஓப்பன் பண்ணி பிரின்ட் மட்டும்தாண்டா எடுத்தேன்!"

கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப். திருப்பதி பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாடியும் என் பிராஜெக்ட் பார்ட்னர் இப்படிக் கத்தினான். நான் நம்பவில்லை. "பென் டிரைவ் கடைசியா உன் கையிலதான் இருந்துச்சு. என் சாப்டரை அழிச்சது நீதான்" என்று சொல்லிவிட்டு வேற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன். அதோடு பேச்சு கட். ஆறாங்கிளாஸில் இருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன்.

2015. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். ரிவ்யூவுக்கு முந்தைய ராத்திரி ஒரு மணி வரை முழிச்சு, டேபிள் எல்லாம் போட்டு ரிப்போர்ட்டை முடிச்சேன். மறுநாள் சார் கையில் போன பிரின்ட்டில் அதெல்லாம் காணோம். சாயங்காலம் எட்டு மணிக்கு நான் வைத்திருந்த பாதி ரிப்போர்ட்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் அதிலும் அதே பாதி! பிறகு யாரை சந்தேகப்படுவது?

லேப்டாப்பைப் பற்றி கொஞ்சம் சொல்லணும். அது கவர்மென்ட் லேப்டாப். அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கி வைத்ததே எங்க திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில்தான். ப்ளஸ் டூ முடிக்கும்போது எனக்கும் ஒன்று கிடைத்தது. உள்ளே விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் ஒரு பக்கம். சீனியர் பேச்சைக் கேட்டு பாஸை அழித்துவிட்டு வேற ஒரு லினக்ஸைப் போட்டேன். அன்றிலிருந்து கடிகாரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

லினக்ஸில் மணி சரியாக இருக்கும். விண்டோஸுக்குப் போனால் காலை ஒன்பதுக்கு, விடியற்காலை மூன்றரை என்று காட்டும். அங்கே திருத்தி வைத்தால், அடுத்து லினக்ஸ் மதியம் இரண்டரைக்கு ஓடிப்போயிருக்கும். ஏத்தம் இறைக்கிற மாதிரி, இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் தூக்கும். வெறுத்துப்போய் விண்டோஸ் கடிகாரத்தை அப்படியே விட்டுட்டேன். வீட்டில் நெட் கிடையாது, அதுவா சரி பண்ணிக்கவும் வழியில்லை.

சண்டை முடிந்து மூணு வாரம் கழித்து, திருத்தணியில் ஒரு கடையில் காட்டினேன். "சிமாஸ் பேட்டரி அவுட்டு தம்பி" என்று 150 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து லினக்ஸில் நேரத்தை வைத்துவிட்டு விண்டோஸைப் போட்டால்... அதே கதை!

திண்ணையில் தாத்தா. அந்தக் காலத்தில் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்து பிபிசி தமிழோசை கேட்டவர். என் புலம்பலைக் கேட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"எவ்ளோடா குறையுது?"

"அஞ்சரை மணி நேரம் தாத்தா."

"எப்பவும் அஞ்சரையேவா? ஒரு நாள் அஞ்சு, ஒரு நாள் ஆறு, அப்படி இல்ல?"

"இல்ல. கரெக்டா அஞ்சரை."

"அட மக்கு! பேட்டரி செத்தா கடிகாரம் தாறுமாறால்ல போகும்? அது கிரீன்விச் நேரம்டா. ரேடியோவுல சொல்லுவான். அதோட அஞ்சரை கூட்டினா நம்ம நேரம்."

ஆஹா!

விஷயம் இதுதான் பாஸ். கம்ப்யூட்டரை அணைத்தாலும் மதர்போர்டில் ஒரு குட்டிக் கடிகாரம் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு. அந்தக் கடிகாரத்துக்கு மணி மட்டும்தான் தெரியும். அது எந்த ஊர் மணி என்று தெரியாது. விண்டோஸ் அதை உள்ளூர் மணி என்று படிக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, அஞ்சரையைக் கூட்டிக் காட்டும். எங்க ஊர்க்காரங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நகரியில் இருந்து வரும் எங்க அத்தை 'ஏடு' என்றால் ஏழு. எங்க தமிழ் ஐயா 'ஏடு' என்றால் ஓலைச்சுவடி. சொல் ஒன்றுதான். ரெண்டு பேரும் சரிதான். ஆனால் அத்தையிடம் ஐயா பஸ் டைம் கேட்டால் தொலைந்தார்!

இந்தக் குழப்பம் கம்ப்யூட்டருக்கு முன்னாடியே நம்ம ரயிலுக்கு வந்திருக்கிறது. எங்க ஊருக்குப் பக்கத்தில் திருவாலங்காடு வழியாகப் போகிற பாதை, 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்டது. பிற்பாடு இந்திய ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில், அதாவது கிரீன்விச்சுக்கு சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய்க்காரர்களின் ஊர் நேரமோ 4 மணி 51 நிமிடம். வீட்டுக் கடிகாரத்தை நம்பி ஸ்டேஷனுக்குப் போனால், ரயில் அரை மணி நேரம் முன்னாடியே போயிருக்கும்! 1906 ஜனவரி 1-ல் அஞ்சரை மணி இந்தியப் பொது நேரம் வந்தது. அப்பவும் கல்கத்தா 1948 வரை தன் நேரத்தை விடவில்லை.

தாத்தா சொன்னதும் எனக்கு அந்த விடியற்காலை ஞாபகம் வந்தது. வயிற்றைப் பிசைந்தது.

எட்டு மணிக்கு லினக்ஸில் பென் டிரைவில் போட்ட ஃபைலில் எட்டு மணி என்று பதிவாகியிருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு விண்டோஸில் முடித்த ஃபைலில்? இரவு ஏழரை! காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் காப்பி செய்தபோது, பென் டிரைவில் இருப்பதுதான் 'புதியது' என்று விண்டோஸ் காட்டியது. தூக்கக் கலக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பார்த்தேன். லேப்டாப்பில் இருப்பது 'பெரியது' என்றும் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை. சேஃப்டிக்கு என்று, பென் டிரைவ் ஃபைலையே லேப்டாப் ஃபைல் மேல் போட்டு மூடினேன்.

அழித்தது நானேதான்.

வைத்தியம் ரொம்பச் சின்னது. ரெண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதும். ஒன்று, லினக்ஸை விண்டோஸ் வழிக்குக் கொண்டு வருவது. நான் அப்போது 'ஆர்சிஎஸ்' என்ற ஃபைலில், யுடிசிக்கு நேரே இருந்த 'எஸ்' என்பதை 'நோ' ஆக்கினேன். இப்போதைய லினக்ஸ்களில் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒரே வரி. அது ஒரு எச்சரிக்கை கொடுக்கும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற நாடுகளில் இந்த முறை வம்பு. நம்ம ஊரில் அந்தப் பழக்கம் இல்லாததால் தப்பித்தோம். இரண்டாவது, விண்டோஸை லினக்ஸ் வழிக்குக் கொண்டு வருவது. ரெஜிஸ்ட்ரியில் 'டைம்ஸோன்இன்ஃபர்மேஷன்' பகுதியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்று ஒரு டிவேர்டு உருவாக்கி, மதிப்பு 1. ரெண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். சண்டை அப்படியே தலைகீழாகத் தொடரும்!

செய்து முடித்துவிட்டு, ரெண்டு பக்கமும் மாறி மாறி நாலு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். நாலு தடவையும் சுவர்க் கடிகாரமும் லேப்டாப்பும் ஒரே மணி.

இனி கஷ்டமான வேலை. அவன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். போவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. உலக நேரம், உள்ளூர் நேரம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, கடைசியில் "நான்தாண்டா அழிச்சேன். சாரிடா" என்றேன்.

ரொம்ப நேரம் ஸ்போக்ஸையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "டீ குடிக்கப் போலாம். மணி என்ன?"

பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கப் போனேன்.

"நீ சொல்லாத. நான் கடையில கேட்டுக்கறேன்!"