ஆற்றலின் கடைமடை

காவிரிப் பாசனத்தில் கடைமடை என்னும் சொல்லின் பொருளை மன்னார்குடி வட்டார உழவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையினின்று விடப்படும் நீர், கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றின் வழியே நீடாமங்கலத்தை அடைந்து, ஆங்குப் பிரியும் பாமணியாற்றில் இறங்கி இவ்வட்டாரத்தை வந்தடைகின்றது. வரும் வழியெங்கும் மணல் பருகும், வெயில் உறிஞ்சும், கரையில் கசியும். மதகில் திறந்த அளவு வேறு, வயலில் பாயும் அளவு வேறு. அவ்வயலை உழ வரும் டிராக்டரின் ஆற்றலும் இங்ஙனமே வழியில் குறைந்து வருகின்றது.

டிராக்டரின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்னும் அளவால் குறிப்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் என்னும் அறிஞர், தம் நீராவிப் பொறியின் வலிமையை மக்கள் நன்கறிந்த குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டுக் காட்டவே இவ்வளவையைக் கொண்டார். 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கவல்ல திறனே மெட்ரிக் முறையில் ஒரு குதிரைத்திறனாகும். 50 குதிரைத்திறன் உடையது என்று விற்கப்படும் டிராக்டரில், அவ்வெண் பெரும்பாலும் என்ஜினில் அளந்த அளவேயன்றிச் சக்கரத்தில் அளந்ததன்று.

என்ஜினில் பிறந்த ஆற்றல் கிளட்சு, கியர்ப் பெட்டி, டிபரன்சியல், அச்சு ஆகிய வாயில்களைக் கடந்தே சக்கரத்தை அடைதல் வேண்டும். இவ்வாயில்கள் எதன் பொருட்டு? என்ஜின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2000 முறை சுழல, உழும் சக்கரம் சுமார் 20 முறையே சுழல்கின்றது. விரைவைக் குறைத்து இழுவிசையைப் பெருக்குவது பற்சக்கரங்களின் தொழில். அவை இன்றேல் கலப்பை ஓர் அடியும் நகராது. எனினும் அவை கூலியின்றி வேலை செய்வதில்லை. பல்லோடு பல் உராய்தலாலும், கெட்டியான எண்ணெயைக் கலக்கிச் சுழல்வதாலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு ஆற்றல் வெப்பமாய் மாறிவிடுகின்றது. நெடுநேரம் உழுத பின்னர்க் கியர்ப் பெட்டி சுடுவது இதனாலேயாம்.

இவ்விழப்பினும் பெரியது சக்கரமும் சேறும் கூடுமிடத்தில் நிகழ்கின்றது. நூறடி செல்லுதற்குரிய அளவு சக்கரம் சுழன்றும் வண்டி எழுபத்தைந்து அடியே முன்னேறிற்று எனக் கொள்வோம். சக்கரத்தை அடைந்த ஆற்றலில் காற்பங்கு வீணாயிற்று என்பது பொருள். அன்றியும், சேற்றில் புதைந்த சக்கரம் தானே தோண்டிய பள்ளத்தினின்று ஓயாது ஏறிக்கொண்டே செல்ல வேண்டும். அதற்கும் ஆற்றல் செலவாகும். ஆகவே, இளகிய நிலத்தில் 50 குதிரைத்திறன் டிராக்டர் கலப்பையை இழுக்கத் தருவது அதில் பாதியளவாகவே அமைகின்றது. அதனினும் குறைதலும் உண்டு.

இதனால் உழவர்க்கு நேரும் துன்பம் சிறிதன்று. டிராக்டர் வாடகை மணிக்கணக்கில் கொடுக்கப்படுவது. வண்டி முன்னேறிய நேரத்திற்கும், நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்ற நேரத்திற்கும் வாடகை ஒன்றே. எரியும் டீசலும் கணக்கில் ஏறும். காலந்தாழ்ந்து நீர் வந்து, நாற்று முதிர்ந்து நிற்கும் வேளையில், இழந்த பொழுதினை எக்காசு கொடுத்தும் மீட்டல் இயலாது.

இவ்விழப்பை முற்றும் ஒழித்தல் எவர்க்கும் அரிது, குறைத்தல் கூடும். சேற்றுழவின்போது இரும்புக் கூண்டுச் சக்கரங்களைப் பூட்டினால், அவற்றின் பட்டைகள் சேற்றைப் பற்றிக்கொள்ள, வழுக்கல் குறையும். அவற்றைத் தார்ச்சாலையில் ஓட்டிச் சாலையைச் சிதைத்தல் மட்டும் தகாது. கட்டை தேய்ந்த டயரை மாற்றுதலும், கியர் எண்ணெயைக் காலத்தே மாற்றுதலும், ஓட்டும்போது கிளட்சு மிதியின் மேல் காலை வைத்திராமையும் நற்பயன் தரும். ரோட்டவேட்டர் என்னும் சுழற்கலப்பையோ, என்ஜினின் ஆற்றலைச் சக்கரத்தின் வழியாகப் பெறாமல் பின்புறச் சுழல்தண்டின் வழியே நேரே பெறுகின்றது. அதன் கத்திகள் மண்ணை வெட்டுங்கால் வண்டியை முன்னோக்கித் தள்ளவும் செய்கின்றன. சேற்று வயலில் அது சிறந்து விளங்குதற்கு இதுவே காரணம்.

இவற்றை அறியாதார், உழவு சரிவர நடவாதபோது, இன்னும் பெரிய டிராக்டரே வேண்டுமென எண்ணுவர். பெரிய வண்டியோ தன் எடையால் சேற்றில் மேலும் புதையும். மதகை அகலத் திறப்பதனால் மட்டும் கடைமடை செழிப்பதில்லை. வாய்க்கால் செப்பனிடப்பட்டால் சிறு நீரும் வந்து சேரும். ஆற்றலைப் பெறுதல் பொருளுடையார்க்கு எளிது. பெற்றதைச் சிந்தாமல் செயலுக்குக் கொண்டு சேர்த்தலே அறிவுடைமையாகும்.