உறையாத தண்ணீர்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் குரோம்ஃபோர்டு என்று ஒரு கிராமம். போன மாதம் போயிருந்தேன். தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சு நூற்பாலையை ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-ல் இங்கேதான் தொடங்கினார். ஏன் இந்த மூலையில்? ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்துவந்த தண்ணீர் வெதுவெதுப்பானது, கடுங்குளிரிலும் உறையாது. சக்கரம் நிற்காது.

ஆலையைவிட என்னை நிறுத்திவைத்தது நார்த் ஸ்ட்ரீட்தான். தொழிலாளர்களுக்காக 1776 வாக்கில் கட்டிய மூன்றடுக்குக் கல்வீடுகள். அண்ணாந்து பார்த்தால் மேல்தளத்தில் மட்டும் ஜன்னல்கள் நீளநீளமாக இருக்கின்றன. தறிக்கு வெளிச்சம் வேண்டுமே! பெண்களும் பிள்ளைகளும் ஆலையில் நூற்க, ஆண்கள் அந்த மாடியில் நெய்தார்கள். ஆலையில் 12 மணி நேர ஷிஃப்ட், இரவும் பகலும்.

2001-ல் இந்தப் பள்ளத்தாக்கு ஆலைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆலையின் வாசலில் நின்று வாய்பிளந்து பார்க்கிறோம், சரி. ஆனால் உள்ளே ராத்திரி ஷிஃப்டில் தூங்கி வழிந்த பிள்ளைகளின் பெயர் எந்தக் கல்லிலும் என் கண்ணில் படவில்லை.

அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு ஜன்னலில் பூந்தொட்டி. அதுவரைக்கும் சந்தோஷம்.