பாக்கெட் ஷாம்பூவிலிருந்து இ.எம்.ஐ. வரை

'வளரும் நாடுகளின் இளைய நுகர்வோர்' என்று பெரிய கம்பெனிகள் பேச ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2001-ல் கோல்ட்மேன் சாக்ஸின் ஜிம் ஓ'நீல் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா நான்கையும் சேர்த்து 'பிரிக்' என்று பெயர் வைத்தார். 2007-ல் மெக்கின்சி ஒரு அறிக்கை விட்டது. இந்தியாவில் 5 கோடியாக இருக்கும் நடுத்தர வர்க்கம் 2025-க்குள் 58 கோடி ஆகிவிடுமாம்!

இதைப் படித்தவுடன் மனதில் வருவது சென்னையின் பெரிய மால்கள்தான். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இந்தக் கதை மாலில் தொடங்கவில்லை. பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட் சரத்தில் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 34.5 லட்சம், அதில் 85 சதவீதம் கிராமம். (கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019-ல்.)

1993 வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தக் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்பூவை ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய், ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்குத் தேய்த்து, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விற்றார்கள். 1999-ல் ஐம்பது காசு பாக்கெட்டும் வந்தது.

காமர்ஸ் புத்தகத்தில் வருமானம் ஏறினால் டிமாண்ட் ஏறும் என்று இருக்கும். இங்கே நடந்தது வேறு. கூலி அப்படியேதான் இருந்தது, பொருளின் அளவைச் சுருக்கினார்கள். டிமாண்ட் தானாக வந்தது. பிறகு செல்போன் கம்பெனிகள் பத்து ரூபாய் ரீசார்ஜ் விற்றதும் இதே கணக்குதான்.

இன்று அதே கணக்கின் பெரிய வடிவம் இ.எம்.ஐ. விழுப்புரத்தில் எந்த போன் கடைக்குள் போனாலும் விலையைக் கேட்பதற்கு முன் "மாசம் எவ்ளோ கட்டுவீங்க?" என்றுதான் கேட்பார்கள். ஆதார், பான், பாஸ்புக் போதும், அரை மணி நேரத்தில் போன் கையில். சிபில் ஸ்கோர் 300-ல் தொடங்கி 900-ல் முடியும் என்பது திண்டிவனத்தில் ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கும் தெரியும்.

ஷாம்பூ பாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பாக்கெட்டுக்குக் காசு கொடுத்தால் அதோடு கணக்கு முடிந்தது. அடுத்த வாரம் காசு இல்லையென்றால் சீயக்காய். தவணையில் அந்த வசதி கிடையாது. 'ஜீரோ வட்டி' என்பதையும் நம்ப வேண்டாம். அப்படி ஒன்று இல்லை என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி பிராசஸிங் ஃபீஸிலோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும்.

சரி, தவணை கட்டச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஒப்பந்த வேலையிலிருந்து. அந்த வேலை எவ்வளவு நிலையானது என்பதற்கு நோக்கியா ஒன்றே போதும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அந்த ஆலை தொடங்கியபோது வட மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கிட்டத்தட்ட அரசு வேலை மாதிரி. வரித் தகராறில் மாட்டியதால் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய தொழிலில் இந்த ஆலை சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் இருபத்தைந்து வயதுகூட ஆகாமல் 'விருப்ப ஓய்வு' பெற்றார்கள். உலகத்துக்கே போன் செய்து கொடுத்த கைகள். அவர்களும் எல்லா அறிக்கையிலும் 'இளைய நுகர்வோர்' கணக்கில்தான் இருந்திருப்பார்கள்.

இப்போதும் ஞாயிறு சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முதுகுப் பையோடு நிற்கும் பையன்களிடம் கேட்டால் தேதிக் கணக்கைச் சொல்வார்கள். தவணை பிடிப்பது 5-ம் தேதி. கான்ட்ராக்டர் சம்பளம் போடுவது 7-ம் தேதி, சில மாதம் 10. நடுவில் பவுன்ஸ் ஆனால் அபராதம், ஸ்கோரும் இறங்கும். அதனால் 4-ம் தேதி ராத்திரி ரூமில் யாரிடமாவது ஜிபேயில் இரண்டாயிரம் வாங்கி அக்கவுண்டில் போட்டு வைப்பதும், சம்பளம் வந்ததும் திருப்புவதும் வழக்கம். அடுத்த மாதம் கொடுத்தவர் வாங்குவார்.