புளி போட்டுத் தேய்க்காதீங்க!

அம்பத்தூரில் ஒரு தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கருத்துப்போன வெள்ளிக்காசு ஒன்று. சின்ன வயதில் கரூரில், அமராவதி ஆற்று மணலில் கண்டெடுத்தாராம். பாட்டி புளியோடு வந்துவிட்டார்.

"வேணாம் பாட்டி, தேச்சா எழுத்து போயிடும்" என்று பேரன் பிடுங்கிக்கொண்டான். நல்லவேளை! எழுத்து போனால் அது வெறும் வெள்ளி, அடுத்து நகைக்கடை உலைதான்.

முன்பக்கம் இலைமாலை சூடிய தலை. சுற்றிலும் லத்தீன் எழுத்து. 'அகஸ்டஸ்' என்ற பெயரில் 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும், குழம்ப வேண்டாம். பின்பக்கம் செங்கோலும் கிளையும் பிடித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் திபேரியஸ் (கி.பி. 14-37) காசு. கேடயங்களோடு இருவர் நின்றால் அகஸ்டஸ் காசு. அந்த இருவர் அவர் பேரன்கள் காயஸ், லூசியஸ். இங்கே கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் இவை இரண்டும்தான் அதிகம். எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிந்தால் வார்த்தெடுத்த போலி.

தலையில் வெட்டு இருந்தால் போலி என்று நினைக்கக்கூடாது. 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின்மேல் உளிவெட்டு! காரணம் பற்றி அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

தாத்தாவின் காசில் பெண் உட்கார்ந்திருந்தாள்.

மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குச் சொல்லவேண்டும் என்கிறது 1878-ஆம் வருடச் சட்டம்.

"எழும்பூர் மியூசியத்துல காட்டலாம் தாத்தா."

"வாங்கி வெச்சுக்கிட்டா?"

பேரன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.