எவர்சில்வர் குடமும் ஒரு மணி நேரமும்

தை 3, காணும் பொங்கல்

காலை எட்டு மணிக்கே மைக் செட் அலற ஆரம்பித்துவிட்டது. இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மேசைமேல் பரிசுகளை அடுக்கியிருந்தார்கள். முதல் பரிசு எவர்சில்வர் குடம், அடுத்தது சம்படம், அதற்கடுத்து டிபன் பாக்ஸ். சின்னப் பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா. கோணிப்பை ஓட்டம், பலூன் உடைத்தல், மியூசிக்கல் சேர், சாயந்திரம் உறியடி.

பெண்களுக்கான லெமன் ஸ்பூன் பந்தயம்தான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்பூனைப் பல்லில் கடித்தபடி வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், கடலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விசில் ஊதியதும் அவளுடைய சின்னவன் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடினான். "யம்மா, கீழ பாக்காத! பழத்தப் பாரு, பழத்தப் பாரு!" இரண்டாவதாக வந்தாள். சம்படத்தை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. "பள்ளிக்கூடத்துல ஓடுனது டீச்சர். அப்புறம் இன்னைக்குத்தான் ஓடுறேன்" என்றாள்.

தை 4

அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சம்படத்துக்கு அவளை ஓடவைக்க முடிகிறது. அப்படியென்றால் ஓட்டம் அவள் உடம்பை விட்டுப் போய்விடவில்லை. வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

நான் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023இல் வெளியானது. பெரியவர்களிடையே சர்க்கரை நோய் நாடு முழுவதற்கும் 11.4 சதவீதம். நம் புதுச்சேரியில் 26.3. நமக்கு மேலே இருப்பது 26.4 சதவீதத்துடன் கோவா மட்டுமே. நான்கு பேரில் ஒருவருக்கு மேல் என்றால் இந்தத் தெருவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் அந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார்.

எங்கள் பாகூர் கொம்யூன் நெல் விளையும் பூமி. நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வருகிறவளிடம் போய் உடற்பயிற்சி செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் கூடாது. ஆனால் எதிர்வீட்டுப் பெண்ணின் தலைமுறையில் வயலுக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தெருமுனையில் கம்பெனி வேன் ஏறுகிறார்கள், அல்லது தையல் மெஷின்முன் உட்கார்கிறார்கள். ராத்திரி வரும் அலுப்பு மட்டும் நடவு நட்ட அலுப்பு. பிள்ளைகளும் அப்படித்தான். பள்ளிக்கு வேன், வந்தால் டியூஷன், பிறகு செல்போன். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது ஓடியாடவேண்டும் என்றும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கவேண்டும் என்றும் 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

தை 5, ஆற்றுத் திருவிழா

சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்குத் தென்பெண்ணைக்கு வந்தன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணைத் தண்ணீர் இந்த ஆற்றில்தான் கரைபுரண்டு ஊருக்குள் வந்தது. இன்று அதே ஆற்றுமணலில் ராட்டினம், வளையல் கடை, பலூன்காரர், குவியல் குவியலாகச் சுருளிக்கிழங்கு.

மூலைக்கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால் "கால் வலிக்குது ஆயா" என்பான் என் பேரன். இன்று போகும்போதும் நடந்தான், வரும்போதும் நடந்தான். மணலில் ஓடியது தனிக்கணக்கு. ஒரு வார்த்தை முனகவில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நடந்தார்கள், எல்லா வீட்டு அம்மாக்களும் நடந்தார்கள், அவனும் நடந்தான். யாரும் அவனுக்கு எதுவும் தருவதாகச் சொல்லவில்லை.

தை 8

தம்பி மகள் சிங்கப்பூரிலிருந்து பேசினாள். நடுவில் மூச்சிரைத்தது. "நடந்துக்கிட்டே பேசுறேன் அத்தை, இன்னைக்கு அடி இன்னும் முடியல" என்றாள். அங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015 முதல் தேசிய நடைச் சவால் நடத்துகிறது. நடக்கும் அடிகள் செயலியில் ஏறும், அடிக்கேற்ற புள்ளி சேரும், புள்ளியைக் கொடுத்து சூப்பர் மார்க்கெட் வவுச்சர் வாங்கலாம். மழை பெய்தால் வீட்டு ஹாலுக்குள்ளேயே குடும்பமாகச் சுற்றிச்சுற்றி நடக்கிறார்களாம். அரசாங்கமே முன்வந்து இதைச் செய்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் பரிசுப் பணம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கும் அதே சிங்கப்பூரில்தான் நல்ல சாட்சி இருக்கிறது. 13 நிறுவனங்களில் 800 ஊழியர்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு, 2016இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு, வாரத்தில் 50,000 அடி நடந்தால் 15 வெள்ளி, 70,000 தாண்டினால் 30 வெள்ளி. ஆறு மாதம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவு கூடுதலாக நடந்தது. பிறகு பணத்தை நிறுத்தினார்கள். மேலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பணத்தால் வந்த கூடுதல் நடையைக் காணோம். எடையிலும் ரத்த அழுத்தத்திலும் சொல்லும்படி மாற்றம் இல்லை.

அதனால் பரிசே வீண் என்று நான் நினைக்கவில்லை. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு மாதத்தில் எட்டு முறை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் 100 டாலர் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். பணம் நின்ற பிறகும் அவர்களில் பலர் போய்க்கொண்டிருந்தார்கள். முக்கியமாக, அதுவரை அந்தப் பக்கமே போகாதவர்களிடம்தான் பழக்கம் ஒட்டியது. வாசற்படியைத் தாண்ட வைப்பதற்குப் பரிசு உதவும்.

தை 11

பேரன் பேரம் பேசக் கற்றுக்கொண்டான். "ஆயா, ஆத்தங்கர வரைக்கும் ஓடியாந்தா என்னா குடுப்ப?" அவன் அப்பா ஒருநாள் விளையாட்டாக ஒரு சிப்ஸ் பாக்கெட் தருவதாகச் சொன்னதன் வினை. ஓட்டத்துக்குச் சிப்ஸ் கூலி என்றால் ஓடியதால் வந்த நன்மையை அந்தப் பாக்கெட்டே வாங்கிக்கொள்ளும். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், இவன் சும்மாவே ஓடுகிற பிள்ளை. நாய்க்குட்டியைத் துரத்தி ஓடுவான், பட்டம் பின்னால் ஓடுவான்.

ஆசிரியர் வேலையில் இருந்தபோது படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் செய்து, 1973இல் வெளியிட்டது. படம் வரைய ஆசைப்படும் மழலைப் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்திடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு, வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா போட்டுவைத்துக் கவனித்தபோது, பரிசு பேசி வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் அந்தப் பக்கம் வந்தார்கள். திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை.

ஆசையாக ஓடும் பிள்ளைக்குக் கூலி பேசக்கூடாது. ஓடிவிட்டு வந்த பிறகு ஒருநாள் சும்மா ஒரு பந்து வாங்கிக் கொடுத்தால் தப்பில்லை. இதை மகனிடம் சொன்னேன். சிப்ஸ் நின்றது. பேரனுக்கு என்மேல் கோபம். சாயந்திரம் நானும் அவன் கூடவே ஆற்றங்கரை வரை நடந்தேன். பாதி வழியில் கோபத்தை மறந்துவிட்டான்.

தை 16

குடும்பத்தோடு சேர்த்துச் செய்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரின் இதயநோய் ஆய்வில் தலைமுறை தலைமுறையாகப் பங்கெடுக்கும் குடும்பங்கள் உண்டு. அவற்றில் 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பெரியவர்களிடம் 12 வாரம் நடத்தி, 2017இல் வெளியிட்டார்கள். விளையாட்டுப் பிரிவில் ஒவ்வொரு நாளும் வீட்டில் யாராவது ஒருவர் பெயர் குலுக்கலில் வரும். முந்தின நாள் அவர் தன் இலக்கு நடை நடந்திருந்தால் குடும்பத்தின் புள்ளிகள் பிழைக்கும், இல்லையென்றால் குறையும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் நடக்கவேண்டும். இலக்கை எட்டிய நாட்கள் 53 சதவீதம். விளையாட்டு இல்லாத பிரிவில் 32. விளையாட்டை நிறுத்திய பின்னும் 12 வாரம் கவனித்தார்கள். வேகம் குறைந்தது, ஆனாலும் விளையாடிய குடும்பங்களே முன்னால் இருந்தன. நம் வீட்டு நடையை வீட்டில் இன்னொருவர் எதிர்பார்க்கிறார் என்றால் காலில் செருப்பு தானாக ஏறும்.

மருமகளிடம் இதைச் சொல்லி, "பேரனோட நீயும் சாயந்திரம் நடந்துட்டு வாயேன்" என்றேன். அவளும் கம்பெனி வேலைதான். கேட்டுவிட்டு, கிரைண்டரில் ஊறிய அரிசியைத் தள்ளியபடியே சொன்னாள்: "போலாம் அத்தை. மாவ யாரு ஆட்டுறது?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள். அம்மாக்களுக்கு எந்தப் பரிசைக் கொடுத்தால் நடப்பார்கள் என்று இத்தனை நாளாக யோசித்ததற்கு அந்தக் கேள்வியே பதில். சாயந்திரம் ஒரு மணி நேரம் அடுப்பும் கிரைண்டரும் வேறு யாருடையதாகவாவது ஆகவேண்டும். கூப்பனும் குடமும் அந்த நேரத்தைக் கொடுக்காது. இன்று கிரைண்டரை நான் வாங்கிக்கொண்டேன். அவளும் பேரனும் எதிர்வீட்டுப் பெண்ணையும் அவள் சின்னவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மாசி 2

தினமும் நடக்கவில்லை. வேன் தாமதமானால் இல்லை, விருந்தாளி வந்தால் இல்லை. ஆனாலும் நின்றுபோகவில்லை. தெருவில் இன்னும் சில அம்மாக்கள் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடுகிறார்கள். இருட்டுக்கு முன் திரும்பிவிடவேண்டியிருக்கிறது. கரையில் விளக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போவார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். நம் கொம்யூனிலும் ஆற்றங்கரையில் இரண்டு கிலோமீட்டர் குறித்து விளக்குப் போட்டால் போதும், அதுவே ஊருக்கு நல்ல பரிசு.

மன்றத்துத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பொங்கலுக்குப் பரிசு வாங்கக் கடலூருக்குப் போகும்போது குடமும் சம்படமும் வாங்குங்கள், பெண்கள் ஆசையாக ஓடுகிறார்கள். அதோடு பென்சில் டப்பாவுக்குப் பதில் ஸ்கிப்பிங் கயிறும் பந்தும் வாங்குங்கள். ஜெயித்த பிள்ளை மறுநாளும் விளையாடட்டும். தாயோ தகப்பனோ பிள்ளையோடு கைகோத்து ஓடும் பந்தயம் ஒன்று வையுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் சொல்கிறேன். வாரத்தில் மூன்று சாயந்திரம் அரிசியையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்ச நாளில் நீங்களும் பிள்ளைகளோடு நடக்கப் போங்கள்.