குளிர்பெட்டியில் ஓர் இரும்பு வளையம்

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேலறையில், இறைச்சிப் பொட்டலத்திற்குப் பக்கத்தில், இரும்பு வளையம் ஒன்று ஓரிரவு முழுவதும் இருந்தது. "சாப்பாட்டுச் சாமான் வைக்கிற இடத்தில் இதென்ன?" என்று அம்மா முகம் சுளித்தார்கள். அத்தா பதில் கூறவில்லை.

அத்தா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பதாண்டுகள் லேத் வேலை பார்த்தவர்கள். 1964-இல் உருவான அப்பேட்டையை நம்பி முகப்பேர்ப் பக்கம் குடிவந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ஓய்வு பெற்ற பின்னரும், திருவள்ளூருக்கு அப்பாலுள்ள என் மாமாவின் பழைய மாஸி பெர்குசன் டிராக்டருக்கு அத்தாவே வைத்தியர்.

இரண்டாண்டுகளுக்கு முன், ஆடி உழவின்போது அதன் முன்சக்கரம் ஆடத் தொடங்கியது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பினுள் இரண்டு பேரிங்குகள் உண்டு. ஹப் சக்கரத்தோடு சுழல்வதால், பேரிங்கின் வெளிவளையம் அதனுள் இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் வளையம் தனியே சுழன்று வார்ப்பிரும்பைத் தேய்த்துவிடும். பிறகு புதுப் பேரிங் போட்டும் பயனில்லை. கெட்டது அது அமரும் இடமல்லவா!

"மச்சான், மழை வந்துவிட்டது. இரண்டு நாள் ஓடினால் போதும்" என்று மாமா அவசரப்படுத்தினார். அத்தா சென்டர் பஞ்சினால் அவ்விடத்தைச் சுற்றிப் புள்ளிகள் குத்தி, வளையத்தை அடித்து இறுக்கிக் கொடுத்தார்கள். குத்திய புள்ளியின் விளிம்பில் எழும் சிறு மேடுகள்தாம் வளையத்தைத் தாங்கும். அவை நசுங்கும்வரைதான் அந்த இறுக்கம்.

இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. புரட்டாசியில், உரமூட்டைகளோடு சென்ற வண்டியின் சக்கரம் சாய்ந்து, டிராக்டர் வாய்க்காலில் இறங்கியது. ஓட்டிய பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவனைப் பார்த்துவிட்டு வந்த அத்தா அன்றிரவு சாப்பிடவில்லை. மாமா தம் மீது பழியைப் போட்டுக்கொண்டபோது, "இரண்டு நாள் என்று சொன்னது நீங்கள், நாளை எண்ணியிருக்க வேண்டியவன் நான்" என்றார்கள்.

ஹப்பைச் சாக்கில் கட்டி, அத்தாவின் பழைய மாணவருடைய பட்டறைக்கு ஸ்கூட்டரில் கொண்டு சென்றேன். இப்போது இதற்கென்றே ஒட்டும் திரவங்கள் கிடைக்கின்றன. சிறு தேய்மானத்திற்கு அவை போதும். எங்கள் ஹப்பிலோ வளையத்தை விரலாலேயே சுழற்ற முடிந்தது. ஆகவே துளையைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கடைந்து அகலப்படுத்தி, எஃகுப் புஷ் ஒன்று செய்தார்கள். துளையைவிட அது 0.05 மில்லிமீட்டர் பெரிது. அதைத்தான் குளிர்பெட்டியில் வைத்தது. குளிரில் புஷ் சுருங்கியது. சுடுஎண்ணெயில் ஹப் விரிந்தது. மறுநாள் சம்மட்டி இல்லாமலே புஷ் உள்ளே இறங்கியது.

அதன் பிறகே புஷ்ஷின் உட்புறத்தைப் பேரிங்கின் அளவுக்குக் கடைந்தார்கள். இரண்டு பேரிங்குகளும் ஒரே அச்சில் அமர வேண்டுமே! கெடாத மறுபக்கத்தில் டயல் கேஜை வைத்து, ஹப்பை நேர்செய்வதிலேயே முற்பகல் கழிந்தது. "போதும் பாய், முள் இரண்டு கோடுதானே ஆடுகிறது" என்றார் மாணவர். அத்தா மறுபடியும் தாடையைத் தளர்த்தினார்கள்.

சக்கரத்தை மாட்டியதும் ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கும்படி அந்தப் பையனையே அழைத்தார்கள். கை குணமாகியிருந்தது. "ஆட்டமே இல்லை பாய்" என்றான்.

"பத்து நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்" என்றார்கள் அத்தா. முகப்பேர் திரும்பியதும், சுவர்க் காலண்டரில் பத்தாம் நாளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்கள்.